கழற்றி வைக்கும் கூரை

அத்திப்பட்டு என்று ஊர்ப்பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது, “‘சிட்டிசன்’ படத்துல மேப்புலேருந்து காணாமப் போச்சே, அந்த ஊரா?” என்றுதான். அது அத்திப்பட்டி, சினிமா ஊர். எங்களுடையது அத்திப்பட்டு. கும்மிடிப்பூண்டி லோக்கலில் எண்ணூர் தாண்டியதும் வலது கைப் பக்கம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். அத்திப்பட்டு புதுநகர், அடுத்தது அத்திப்பட்டு. உப்பளம், சாம்பல், கண்டெய்னர் லாரி, துறைமுகத்துக்குப் போகும் ரோடு. அந்த ரோட்டில்தான் என் மாமாவின் ஃபைபர் பட்டறை இருந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எண்ணூர், காட்டுப்பள்ளி, பழவேற்காடு பக்கத்து மீனவர்களின் ஃபைபர் படகுகளுக்கு ஓட்டை அடைப்பதுதான் அவருக்கு முக்கியமான வேலை. இடையில் தண்ணீர்த் தொட்டி, கம்பெனி செக்யூரிட்டி உட்காரும் கூண்டு, கோயில் தேருக்குக் குதிரை என்று எது வந்தாலும் செய்வார். பட்டறை வாசலில் நின்றால், எண்ணூர் துறைமுகத்துக்கு ஏற்றுமதிக்குப் போகும் புதுக் கார்கள் டிரெய்லர்களில் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். 2010 முதல் போகின்றன. அத்தனை கார்கள் போன அந்த ரோட்டில், மாமாவின் பட்டறைக்குள் நுழைந்த ஒரே கார் 1967ஆம் வருடத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அதற்குக் கூரை இல்லை.

அந்தக் கூரையைப் பற்றி நான் ஒருவரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் பல வருடம் தள்ளிவிட்டேன்.

*

வண்டியின் சொந்தக்காரரை நாங்கள் ‘சார்’ என்றுதான் கூப்பிடுவோம். மீஞ்சூர்க்காரர், அப்போது எழுபதைத் தாண்டியிருந்தார். இளம் வயதில் வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்தவர். என்ன வேலை என்று கேட்டதற்கு, “கூரை மாட்டுற வேலை” என்றார். நான் விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். நிஜமாகவே அதுதான் அவர் வேலை.

ஹெரால்டின் கதையே அதுதான். பிரிட்டனில் ட்ரையம்ப் ஹெரால்டு வெளிவந்தது 1959இல். வரைந்தவர் இத்தாலிக்காரரான மிக்கலோட்டி. அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் பாடியையும் சேஸியையும் ஒன்றாகச் சேர்த்த கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தன. அப்படி முழு பாடி செய்து தர இவர்களுக்குச் சரியான ஆள் அமையவில்லை. அதனால் பழைய முறையிலேயே தனி சேஸி வைத்து, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து, போல்ட் போட்டு இணைத்தார்கள். அது நம் ஊருக்குத் தோதாகப் போயிற்று. 1961 முதல் மெட்ராஸில் ஹெரால்டு செய்தார்கள். பின்னாளில் நான்கு கதவு வைத்தும் செய்தார்கள். பிரிட்டனில்கூட நாலு கதவு ஹெரால்டு கிடையாது. கூரையும் ஒரு தனித் துண்டுதான். முன் கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பிலும் டிக்கிக்கு முன்னாலுள்ள தகட்டிலும் போல்ட் போட்டு நிறுத்துவது. கழற்றிவிட்டால் அதே வண்டி திறந்த கார். அதே சேஸியைச் சுருக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் செய்தார்கள். அதற்குத் துணி ஹூடும் உண்டு, தனியாகக் காசு கொடுத்தால் கழற்றி மாட்டும் இரும்புக் கூரையும் உண்டு.

சாரின் வண்டிக் கூரையைக் கழற்றியவர் அதற்கு முந்தைய சொந்தக்காரர். ஜானவாசத்துக்கு வாடகைக்கு விடுவதற்காக. மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்காரவைத்து, பூ அலங்காரம் செய்து, முன்னால் நாதஸ்வரம் போக ஊர்வலம் விடுவதற்கு மெட்ராஸில் அப்போது நல்ல கிராக்கி. கழற்றிய கூரை பழைய இரும்புக்குப் போய்விட்டது. கம்பெனியில் கார் தயாரிப்பு நின்ற பிறகு, 1989இல், சார் இந்த வண்டியை வாங்கினார். “நான் எத்தினி வண்டிக்குக் கூரை மாட்டியிருப்பேன். எனக்குன்னு வந்த வண்டிக்குக் கூரை இல்ல, பாரு” என்று சிரித்தார்.

ஆனாலும் அவருக்குத் திறந்த வண்டிதான் பிடிக்கும். தை, மாசியில் சாயங்காலம் அம்மாவை (சாரின் மனைவியை அப்படித்தான் நாங்கள் கூப்பிடுவோம்) ஏற்றிக்கொண்டு பழவேற்காடு வரை போய் வருவார். மழைக்கு ஒரு துணி ஹூடு வைத்திருந்தார். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வந்த வர்தா புயல் அதை நாராகக் கிழித்துவிட்டது. அதோடு இன்னொரு சிக்கல். ஆர்.சி. புத்தகத்தில் பாடி டைப் ‘சலூன்’ என்று இருந்தது. பதினைந்து வருடம் தாண்டிய சொந்தக் காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். போன முறை போனபோது, “கூரை எங்க பெரியவரே? அடுத்த தபா மாட்டிக்கினு வாங்க” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். 2017இல் அந்த அடுத்த முறை வந்தது. அதாவது, இந்த வண்டியைப் பொறுத்தவரை கூரை மாட்டுவது மாற்றம் இல்லை. கூரை இல்லாமல் ஓட்டியதுதான் மாற்றம். 2019 ஜனவரியில், கம்பெனி செய்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன செய்தியைப் படித்தபோது எனக்கு சாரின் ஞாபகம்தான் வந்தது.

புதுப்பேட்டை முழுக்கத் தேடியும் ஹெரால்டு கூரை கிடைக்கவில்லை. கிடைத்தாலும் இரும்புக் கூரையை வயதான இரண்டு பேர் தூக்கிக் கழற்ற முடியாது. அதனால்தான் ஃபைபர். அதனால்தான் மாமா.

“நீ படகு செய்யற ஆளாச்சே, கூரை செய்வியா?” என்று சார் கேட்டார்.

“படகைக் கவுத்துப் போட்டா கூரைதான சார்” என்றார் மாமா.

பென்ஸ் கம்பெனி 1963இல் விட்ட 230 எஸ்.எல். காரின் படத்தை சார் ஒரு பழைய புத்தகத்தில் காட்டினார். அதற்கும் கழற்றி மாட்டும் கூரை. நடுவில் குழிந்து, ஓரங்களில் உயர்ந்து, கோயில் கூரை மாதிரி இருப்பதால் அந்தக் காருக்கே ‘பகோடா’ என்று பெயர் வந்துவிட்டது என்றார். மாமா படத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “பகோடா நல்லாத்தான் கீது. ஆனா சார், நடுவுல குழி இருந்தா நம்மூரு மழைக்குத் தண்ணி நிக்காதா?” என்றார்.

*

நான் மாமாவிடம் பதினாறு வயதில் தொழில் கற்றவன். மேட் கிழிப்பது எப்படி, ரோலர் போட்டுக் காற்றுக் குமிழை விரட்டுவது எப்படி எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். முதல் நாளே சொன்ன பாடம், கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் ஒருநாளும் நேராகக் கலக்கக் கூடாது என்பது. “ரெண்டும் நேரா சேந்தா வெடிக்கும்டா. முதல்ல ஒண்ண ரெசின்ல கலக்கிட்டு, அப்புறமாத்தான் இன்னொண்ணு.” பிறகு நான் டிப்ளமா முடித்து, காற்றாலை இறக்கை செய்யும் பெரிய கம்பெனி ஒன்றில் குவாலிட்டி செக்‌ஷனில் சேர்ந்தேன். அதே கண்ணாடி இழை, அதே மாதிரி ரெசின் வேலை. ஆனால் ஏ.சி. ஹால், வெற்றிட பம்ப், லேசர் அளவுக் கருவி. விடுமுறைக்கு வரும்போது மாமா நூல் பிடித்து அளப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். சில சமயம் சிரித்தும் இருக்கிறேன்.

கூரை வேலைக்கு ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்தேன். சாரின் சிநேகிதர் ஒருவரிடம் கூரையோடு இருந்த ஹெரால்டு ஒன்று இருந்தது. அதன் கூரைக்கு மெழுகு பூசி, அதன் மேலேயே மேட் போட்டு அச்சு எடுத்துக்கொண்டு வந்தோம். பட்டறையில் அந்த அச்சுக்குள் ஜெல்கோட், அதன் மேல் 450 கிராம் மேட் மூன்று லேயர், குறுக்கே இரண்டு விலா. இரண்டு நாளில் கூரைத் தோல் தயார். அச்சிலிருந்து பிரித்து வெளியே எடுத்தபோது பளபளவென்று இருந்தது.

கஷ்டமான வேலை அதற்குப் பிறகுதான். கூரையின் கீழ் விளிம்பு, அதாவது கண்ணாடிச் சட்டத்திலும் பின் தகட்டிலும் உட்காரும் உதடு, வேறொரு வண்டியைப் பார்த்துச் செய்தால் பொருந்தாது. ஐம்பது வருடம் ஓடிய வண்டி, ஒவ்வொன்றும் தன் போக்கில் வளைந்திருக்கும். கூரைத் தோலை அந்த வண்டியின் மேலேயே நிறுத்தி, அங்கேயே மேட் போட்டு உதட்டை ஒட்ட வேண்டும். ரெசின் இறுகும் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் வண்டி எப்படி நிற்கிறதோ அதுதான் கூரையின் கடைசி வடிவம்.

அந்த நாளில் வண்டி தன் காலில் நிற்கவில்லை. பின் சக்கரங்களுக்கு மேலே குறுக்காகப் போகும் பிளேட்டு ஸ்பிரிங் படுத்துவிட்டது என்று கழற்றி, ஸ்பிரிங் பட்டறைக்கு அனுப்பியிருந்தோம். வண்டியின் பின்பகுதி சேஸிக்கு அடியில் வைத்த இரண்டு ஸ்டாண்டுகளின் மேல் இருந்தது.

“ஸ்பிரிங் வரட்டும்டா. நாலு நாளுதான்” என்றார் மாமா.

எனக்கு ஞாயிற்றுக்கிழமையோடு லீவு முடிகிறது. முடித்துவிட்டுப் போக வேண்டும் என்ற ஆசை. கம்பெனியிலிருந்து இரவல் வாங்கி வந்த லேசரை வைத்துப் பார்த்தேன். முன்னும் பின்னும், இடமும் வலமும் ஒரு மில்லிகூட வித்தியாசம் இல்லை. “பாரு மாமா, டேபிள் மாதிரி நிக்குது. சக்கரத்துல நின்னா என்ன, ஸ்டாண்டுல நின்னா என்ன?”

மாமா டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். கடைசியில் லேசாக இடித்தது. இன்னொரு தடவை மூடினார். “கதவு வேற மாதிரி மூடுதுடா” என்றார். நான் லேசரைக் காட்டினேன். அவர் என்னையும் லேசரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சரி, நீ படிச்சவன்” என்றார். அதில் கேலி இருந்ததாக எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

*

புதன்கிழமை ஸ்பிரிங் வந்து, சக்கரம் மாட்டி, வண்டியைக் கீழே இறக்கியபோது நான் கம்பெனியில் இருந்தேன். மாமா போன் செய்தார். “சனிக்கிழமை வா.” வேறு எதுவும் சொல்லவில்லை.

போய்ப் பார்த்தால், இடது பக்கம் கதவுக் கண்ணாடிக்கும் கூரைக்கும் நடுவில் பென்சில் நுழையும் இடைவெளி. வலது பக்கம் விரலே நுழைந்தது. காரணம் அப்போது ஒரு நொடியில் புரிந்தது. லேசர் காட்டியது சேஸி மட்டமாக இருக்கிறதா என்பதை. அது எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதை நான் கேட்கவே இல்லை. சக்கரத்தில் நிற்கும் வண்டி ஓர் இடத்தில் எடையைத் தாங்குகிறது, ஸ்டாண்டில் நிற்கும் வண்டி வேறோர் இடத்தில். மூடிய காரில் கூரையும் சேர்ந்து பாடியை இழுத்துப் பிடித்திருக்கும். திறந்த காரில் அந்தப் பிடிப்பு கிடையாது, இன்னும் அதிகமாக முறுக்கிக்கொள்ளும். கதவு அதைச் சொன்னது. மாமாவுக்குக் கேட்டது, எனக்குக் கேட்கவில்லை.

அப்போதாவது நான் தப்பை ஒத்துக்கொண்டிருக்கலாம். அதற்குப் பதில், “போல்ட்ட இறுக்கினா இழுத்துக்கினு உக்காந்துடும் மாமா” என்று சொல்லி, நானே ஸ்பானரை எடுத்து இறுக்கினேன். உட்காரத்தான் செய்தது. சார் வந்து பார்த்தார், சந்தோஷமாக அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கண்டெய்னர் லாரி ஓடி ஓடிப் பள்ளமான ரோடு. மீஞ்சூர் போய்ச் சேருவதற்குள் பின் மூலையில் சடாரென்று ஒரு சத்தம். ஜெல்கோட் வெடித்து, முழ நீளத்துக்குக் கீறல்.

மறுநாள் காலை வண்டி திரும்பி வந்தது. சார் கோபப்படவில்லை. கீறலைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, “எதனால இப்படி ஆச்சு?” என்று மட்டும் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா சொன்னார்: “என் கணக்கு தப்பு சார். ஸ்பிரிங் இல்லாத வண்டில வச்சு ஒட்டிட்டேன். அவசரம். திரும்பச் செஞ்சு தரேன், துட்டு வேணாம்.”

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ரோட்டில் மாமாவுக்கு இருந்த சொத்து அவர் கை சுத்தம் என்ற பேச்சு மட்டும்தான். படகுக்காரர்கள் அவரைத் தேடி வந்தது விலைக்காக இல்லை. அவர் ஒட்டினால் பிரியாது என்பதற்காக. அந்தப் பேரிலிருந்து ஒரு துண்டை அறுத்து அவர் எனக்கு ஒட்டுப் போட்டார்.

சார் போன பிறகு கேட்டேன், “ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?”

“பட்டறை யாருது?” என்றார்.

“உங்களுது.”

“அப்ப தப்பும் பட்டறையுதுதான். போய் கிரைண்டர எடுத்தா.”

*

பழைய உதட்டை முழுக்க அறுத்து எடுத்தோம். இல்லை, அறுத்தது பெரும்பாலும் மாமாதான். எனக்கு வார நாட்களில் வேலை. முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு கிரைண்டர் பிடிப்பார். கண்ணாடி இழைத் தூசு பட்டறை முழுக்கப் பனி மாதிரி நிற்கும். நான் கம்பெனியிலிருந்து நல்ல மாஸ்க் இரண்டு கொண்டுவந்து கொடுத்தேன். மூச்சு முட்டுகிறது என்று ஆணியில் மாட்டி வைத்துவிட்டார்.

இரண்டாவது முறை ஒட்டும்போது மாமா அவர் முறைப்படி செய்தார். டயருக்குச் சரியான காற்று, டிக்கியில் ஸ்டெப்னி, டேங்கில் பாதி பெட்ரோல். ஊர்வலம் மாதிரி வண்டியை ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவரச் சொன்னார், ஸ்பிரிங் தன் இடத்தில் உட்காரட்டும் என்று. பிறகு சாரையும் அம்மாவையும் முன் சீட்டில் உட்காரச் சொன்னார். “கூரைக்கு அடியில யாரு உக்காரப் போறாங்களோ அவுங்க உக்காந்துதான் அளவு எடுக்கணும்.” ரெசின் நாற்றம் அவர்களுக்கு ஆகாது என்பதால், அவர்கள் இருக்கும்போதே நூல் பிடித்து அளவெடுத்துக் குறித்துக்கொண்டார். அவர்கள் இறங்கியதும் அதே எடைக்கு மணல் மூட்டையை சீட்டில் வைத்தார். கதவை நாலைந்து முறை திறந்து மூடிப் பார்த்தார். சத்தம் பிடித்த பிறகுதான் கேட்டலிஸ்ட் கலந்தார்.

போல்ட் போகும் ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒரு சிறு இரும்புக் குழாய்த் துண்டை வைத்து ஒட்டினார். எவ்வளவு இறுக்கினாலும் போல்ட் அந்தக் குழாயில் முட்டி நின்றுவிடும், ஃபைபரை நசுக்காது. அதற்குக் கீழே கனமான ரப்பர் பீடிங். வண்டி முறுக்கிக்கொள்ளும்போது கூரை அதோடு மல்லுக்கு நிற்காமல் ரப்பர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். கம்பெனியில் நாங்கள் இதே குழாய்க்கு ஒரு நம்பர் கொடுத்து, டிராயிங் போட்டு வாங்குவோம். மாமா சைக்கிள் கடையிலிருந்து பைப் வாங்கி அறுத்துக்கொண்டார். அது என் கையால் யாரும் இனி அதிகமாக இறுக்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது என்று எனக்குத் தெரியும். அவர் அப்படிச் சொல்லவில்லை.

கூரை இருபத்திரண்டு கிலோ வந்தது. பதிவு புதுப்பிக்கப்பட்டது. சார் வீட்டுக் கார் ஷெட்டில் உத்தரத்தில் ஒரு கப்பி போட்டு, தை பிறந்ததும் கூரையைக் கழற்றி மேலே தொங்கவிடுவார். ஐப்பசிக்கு முன்னால் இறக்கி மாட்டுவார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து எண்ணூர்ப் பக்கம் முழுக்க வெள்ளத்தில் கிடந்தபோதும் அந்த வண்டிக்குள் மேலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. கீழிருந்து சக்கரம் வரை தண்ணீர் வந்தது, அதற்குக் கூரை என்ன செய்யும்.

மாமா அதைப் பார்க்க இல்லை. அதற்கு முந்தின வருடம் போய்விட்டார். கடைசி இரண்டு வருடமாக விடாத இருமல். அந்த இருமலுக்கும் இந்தக் கூரைக்கும் சம்பந்தம் உண்டு என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. முப்பது வருடத் தூசியில் எந்த வாரத்துத் தூசி என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? ஆனால் எனக்கு மட்டும் அந்த இரண்டு வாரங்கள் தனியாகத் தெரிகின்றன.

*

வருடத்துக்கு இரண்டு முறை கூரையைத் தூக்குவதற்கு சார் என்னைக் கூப்பிடுவார். முன்பு மாமாவும் நானும் போவோம். இப்போது ஒரு பக்கம் சார், மறு பக்கம் நான். அவருக்கு எண்பது நெருங்குகிறது. போன புரட்டாசி கடைசியில் போயிருந்தேன். அம்மா காபி கொடுத்தார்கள். கப்பிக் கயிற்றைத் தளர்த்திக் கூரையை இடுப்பு உயரத்துக்கு இறக்கியபோது, பின் மூலை என் கண்ணுக்கு நேராக வந்தது. உள் பக்கம், பழைய உதட்டை அறுத்த கோடு பெயின்ட்டுக்கு அடியில் லேசாகத் தெரியும். பார்க்கத் தெரிந்தவனுக்கு மட்டும்.

“சார், அன்னிக்கு இது உடைஞ்சுதே… அது மாமா தப்பு இல்ல. அவரு ஸ்பிரிங் வரட்டும்னு சொன்னாரு. நான்தான் கேக்கல. இறுக்கினதும் நான்தான்.”

சார் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். கூரை லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

“எட்டு வருஷமா வச்சிருந்தியா?”

“ஆமா சார்.”

“உங்க மாமன்காரன் அன்னிக்கு ஒண்ணு சொன்னான், ஞாபகம் இருக்கு. ‘ஸ்பிரிங் இல்லாத வண்டில வச்சு ஒட்டிட்டேன்’னான். நான் லைன்ல இருந்தவன்டா. கதவு சத்தத்தக் கேட்டே வண்டிக்கு என்னான்னு சொல்றவன் அப்படிச் செய்வானான்னு அன்னிக்கே யோசிச்சேன்.” கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. “அவனே எடுத்துக்கிட்டான். அப்புறம் நான் எதுக்குக் கேக்கணும்னு விட்டுட்டேன்.”

வாசலில் வெளிச்சம் குறைந்து காற்று குளிர்ந்தது. அத்திப்பட்டுப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

“சரி, அந்தப் பக்கம் பிடி” என்றார். “கதவ மூடிப் பாத்துட்டு அப்புறமா போல்ட்டு போடு.”

மூடிப் பார்த்தேன். இடிக்கவில்லை. போல்ட்டை எடுத்தேன்.